நீலமலை ஓடைகளில் ட்ரவுட்: ஒரு தூண்டிற் பயணத்தின் பின்வரலாறு

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் எதுவென்று யாரும் அறியார். அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. மீனெறி தூண்டிலார் என்று சான்றோர் அவரை வழங்கினர். மலைநாட்டு யானை பசிய மூங்கிலை வளைத்து உண்ணுகிறது. புனங்காப்போன் கவணொலிக்கு அஞ்சி அது கைவிட்டவுடன், மீன் சிக்கிய தூண்டிற்கோல் மேலெழுவதுபோல் அம்மூங்கில் விண்ணோக்கி நிமிர்கிறது. குறிஞ்சிப் பாடல் ஒன்றில் மூங்கிலும் மலையும் தூண்டிலும் இவ்வாறு ஒருங்கே அமைந்தன. ஈராயிரம் ஆண்டு அணுகிய பின்னர், தமிழகத்தின் மலையுச்சி ஓடைகளில் மூங்கிற் கோலுடன் மீன் எறியும் ஒரு புதிய வழக்கம் வேரூன்றியது. கோல் மூங்கிலே, மலையும் குறிஞ்சி மலையே. மீன் மட்டும் கடல்கடந்து வந்தது. அம்மீன் ட்ரவுட்.

ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒருவர் நீலகிரியில் ட்ரவுட் பிடிக்கப் புறப்பட வேண்டுமாயின், அவர் வகுக்க வேண்டிய திட்டம் சிறிய தாளொன்றில் அடங்கிவிடும். புகைவண்டிச் சீட்டு, மீன்பிடி உரிமச் சீட்டு, தூண்டிற்கோல், இறகுப் பூச்சிகள் வைத்த சிறு பெட்டி, மழை ஓய்ந்த ஒரு வாரம் ஆகிய ஐந்துமே அதில் இடம்பெறும். ஆயினும் அத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒருவர் ஒரு வாரத்தில் வகுத்த திட்டம் ஈடேறுவதற்கு, மற்றவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு திட்டமிட்டுத் தோற்றும் வென்றும் இருந்தனர். அவ்வரலாற்றை வரி வரியாக விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலும் இறகும்

தூண்டிலில் புழுவோ சிறுமீனோ இரையாக வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ட்ரவுட் பிடிப்போர் கைக்கொண்ட முறை வேறு. ஓடையின் மேல் பறந்து, நீரில் விழுந்து மிதக்கும் சிறு பூச்சிகளை அம்மீன் விரும்பி உண்ணும். ஆகவே முள்ளின் மேல் பட்டுநூலும் விலங்கின் மயிரும் பறவையின் இறகும் சுற்றி, பூச்சியின் வடிவிலே ஒரு பொய்யுருவைச் செய்வர். இதனைப் பொய்ப்பூச்சி எனலாம். இது எடையற்றது, கல்லைப்போல வீசி எறிய இயலாது. எனவே சற்றுக் கனமான நூலைக் கோலின் வளைவினால் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் எடையைக் கொண்டே பொய்ப்பூச்சியை நீர்மேல் மெல்ல இறக்குவர். இக்கலையின் அருமை முழுவதும் அந்த இறக்கத்தில் உள்ளது. நூல் நீரில் அறைந்தால் மீன் கலைந்துவிடும்.

இம்முறை பழமையானது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் எழுத்தாளர், மாசிடோனிய ஆறொன்றில் மக்கள் முள்ளைச் சுற்றிச் செங்கம்பளி கட்டி, சேவலின் கழுத்திறகு இரண்டைப் பொருத்தி மீன்பிடித்ததைக் குறித்துள்ளார். இங்கிலாந்தில் தூண்டிற்கலை பற்றி 1496இல் அச்சேறிய சிறுநூல், ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண் துறவியின் பெயரால் வழங்கி வருகிறது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய நூல் புகழ்பெற்றது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் பொய்ப்பூச்சி பற்றிய பகுதியை எழுதிச் சேர்த்தவர் சார்லஸ் காட்டன். இவ்வாறு நூல்வழியும் குருவழியும் வளர்ந்த கலையாதலின், இதனைப் பயின்றோர் எங்குச் சென்றாலும் அம்மீனும் அந்நீரும் அங்கு இல்லையே என ஏங்கினர்.

இக்கலைக்குரிய கருவிகளில் இந்தியாவின் பங்கு பெரிதும் மறக்கப்பட்ட ஒன்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, ஆறு கீற்றுகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்யும் தொழில் பெருகியது. 1870களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹைரம் லியோனார்டு போன்றோர் இதில் பெயர்பெற்றனர். அவர்கள் கையாண்டது இந்தியாவிலிருந்து சென்ற கல்கத்தா மூங்கில். சீனத்து டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

இறகின் கதை இன்னும் நெருங்கியது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் வெளிர்மஞ்சட் புள்ளிகள் உண்டு. பொய்ப்பூச்சியின் பக்கத்தில் அவ்விறகைக் கட்டினால் அது சிறுமீனின் கண்போல் தோன்றும். ஜாக் ஸ்காட் எனப் பெயர்பெற்ற சால்மன் பொய்ப்பூச்சியில் இவ்விறகு இன்றியமையாத உறுப்பு. இத்தேவையின் பொருட்டு எத்தனையோ காட்டுச் சேவல்களின் தோல்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. 1902இல் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. ட்ரவுட் நீலகிரிக்கு வந்துசேருமுன்னரே நீலகிரிக் காட்டுச் சேவலின் இனம் ட்ரவுட்டின் நாட்டுக்குச் சென்று சேர்ந்திருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முட்டையும் பனிக்கட்டியும்

1819இல் கோவை ஆட்சியர் ஜான் சலிவன் நீலகிரியை அடைந்த பின்னர், உதகமண்டலம் ஆங்கிலேயரின் கோடை வாழ்விடமாயிற்று. தம் நாட்டுப் பழம், காய், மலர், மரம் ஆகியவற்றை அவர்கள் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து நட்டனர். 1860இல் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாச் செடிகள் வந்தன. உதகைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராயிருந்த மக்கைவர் அவற்றை வளர்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் செடியொன்று கடல்கடக்கலாம் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. மீனுக்கு அத்தகைய வழி எதுவும் காணப்படவில்லை.

முதல் முயற்சியில் இறங்கியவர் டாக்டர் பிரான்சிஸ் டே. சென்னை இராணுவத்தின் மருத்துவரான இவர் கொச்சியில் பணியாற்றியபோது மீனியலில் ஆழ்ந்தார். 1865இல் மலபார் மீன்கள் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றியும் அவர் வெளியிட்ட நூல்கள் இன்றும் அடிப்படை நூல்களாகும். மலையுச்சி ஓடைகளில் பெரிய மீன்கள் இல்லை. கல்லடியில் ஒட்டி வாழும் சிறு மீன்களே உள்ளன. உயர்ந்த அருவிகளைத் தாண்டிச் சமவெளி மீன்கள் ஏறி வர இயலாமையே இதற்குக் காரணம். இவ்வெற்றிடத்தில் ட்ரவுட் வாழும் என்று கருதி, 1863இல் இங்கிலாந்திலிருந்து அதனைக் கொணர டே முயன்றார். அம்முயற்சி தோற்றது. பின்னர் 1860களிலேயே டேயும் மக்கைவரும் கொண்டுவந்த மீன்களில் டென்ச் முதலிய குளத்து மீன்கள் பிழைத்தன, ட்ரவுட் பிழைக்கவில்லை.

தோல்விக்குக் காரணம் வெப்பமே. ட்ரவுட் முட்டை குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரை வேண்டுவது. அது பொரியும் காலம் நீரின் வெப்பத்தைப் பொறுத்து அமையும். பத்துப் பாகை செல்சியசில் ட்ரவுட் முட்டை ஐந்து அல்லது ஆறு வாரத்திற்குள் பொரிந்துவிடும். உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்தால் மூன்று மாதத்திற்கும் மேலாகப் பொரியாது காத்திருக்கும். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். அதற்கு முன் எகிப்தைப் புகைவண்டியில் கடந்து செங்கடலில் மீண்டும் கப்பலேறினாலும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தாலும், வெப்ப மண்டலக் கடலைத் தவிர்க்க வழியில்லை. முட்டை கப்பலிலேயே பொரிந்தது, அல்லது அழுகியது. கரையேறிய பின்னும் சமவெளியின் வெயிலைக் கடந்து மலையேற வேண்டியிருந்தது.

இச்சிக்கலுக்கு விடை கண்டது வேறொரு கடலில். ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவுக்கு முட்டை கொண்டுசெல்ல ஜேம்ஸ் யூல் என்பவர் சில ஆண்டுகளாக முயன்று தோற்றிருந்தார். 1864 ஜனவரியில் நார்ஃபோக் என்னும் கப்பல் இலண்டனை விட்டுப் புறப்பட்டபோது, அதனுள்ளே பனிக்கட்டி அறை ஒன்று கட்டப்பட்டிருந்தது. ஈரப்பாசி நிரப்பிய சிறு மரப்பெட்டிகளில் முட்டைகளை அடுக்கி அவ்வறையில் வைத்தனர். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சால்மன் முட்டைகளோடு, நண்பர்கள் அளித்த சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் சென்றன. ஏப்ரலில் அவை கரைசேர்ந்தன. மே மாதத் தொடக்கத்தில் பிளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் ட்ரவுட் பொரிந்தது. எல்லோரும் எதிர்பார்த்த சால்மன் அங்கு நிலைபெறவில்லை. உடன்சென்ற ட்ரவுட் நிலைபெற்றது. 1867இல் அங்கிருந்து நியூசிலாந்துக்கும் அது பரவியது.

டேயின் முயற்சி நார்ஃபோக் புறப்படுவதற்குச் சில மாதங்களே முந்தியது. அறிவில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர். முட்டையைப் பனிக்கட்டியில் உறங்கவைக்கலாம் என்னும் அந்த ஒரு செய்தி மட்டும் உறுதிப்படாதிருந்தது. ஒரு திட்டம் வெற்றி பெறுவதற்கு அதனை வகுப்போன் திறம் மட்டும் போதாது. காலமும் கனிய வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று அரிது.

அண்டை மலைகள்

நீலகிரி காத்திருந்த காலத்தில் அண்டை மலைகள் முந்திக்கொண்டன. இலங்கையின் நுவரெலியாப் பகுதிக்கு 1880களில் பழுப்பு ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அது வளர்ந்தது, ஆயினும் இயற்கையாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் தானே இனம்பெருக்கத் தலைப்பட்டது. 1896இல் அங்குத் தோட்டத் துரைமார் தூண்டிற் சங்கம் ஒன்றையும் நிறுவினர். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் காடழித்துத் தேயிலை நட்ட அம்மலைச்சரிவுகளின் உச்சியில், துரைமாரின் ஓய்வுநாளுக்கென ஓடைகள் காக்கப்பட்டன.

காஷ்மீரத்தில் 1899இல் இங்கிலாந்தின் பெட்போர்டு கோமகன் அனுப்பிய முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900ஆம் ஆண்டின் முடிவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டாம் தொகுதி பிழைத்தது. சிறீநகரில் கம்பள ஆலை நடத்திய மிட்செல் என்பவர் அவற்றைப் பேணி வளர்த்தார். அங்கு வென்றது பழுப்பு ட்ரவுட். ஆனால் காஷ்மீரம் இமயத்தின் மடி. அதன் ஓடைகள் பனி உருகிய நீர். பதினொன்றாம் பாகை வடக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டி நிற்கும் நீலகிரிக்கு அவ்விடை பொருந்துமா என்பதே வினா.

அவலாஞ்சி

உதகைக்குத் தென்மேற்கே குந்தா மலைத்தொடரின் அடியில் அவலாஞ்சி என்னும் இடம் உள்ளது. 1823இல் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவினால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. சோலைக்காட்டிலிருந்து ஆண்டு முழுவதும் தெளிந்த நீர் கசிந்து வருவதால் பொரிப்பகத்திற்கு ஏற்ற இடமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது. 1906 முதல் இப்பணியில் ஈடுபட்டவர் எச்.சி. வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநர். 1907இல் அவலாஞ்சிப் பொரிப்பகம் எழுந்தது. அதே காலத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்துறை உருப்பெற்று வந்தது. 1908இல் மலைப் புகைவண்டி குன்னூரிலிருந்து உதகை வரை நீண்டது. பனிக்கட்டி, கப்பல், புகைவண்டி, அரசுத் துறை ஆகிய நான்கும் ஒன்றுகூடிய அந்த ஓரிரு ஆண்டுகளில்தான் அரை நூற்றாண்டுக் கனவு கைகூடியது.

பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டு செய்த முயற்சிகள் நீலகிரியில் பலிக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் சற்று மிகுந்த வெப்பத்தையும் தாங்க வல்லது. 1909-10ஆம் ஆண்டுகளில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து இதன் முட்டைகள் வந்தன. அவை பொரிந்தன, குஞ்சுகள் ஓடைகளில் விடப்பட்டன, சில ஆண்டுகளில் அம்மீன்கள் சரளைக்கல் படுகையில் தாமே குழிபறித்து முட்டையிட்டன. கலிபோர்னிய ஆற்றில் தோன்றி, 1883இல் நியூசிலாந்துக்குச் சென்று, அங்கிருந்து அவலாஞ்சிக்கு வந்த ஓர் இனத்தின் வழித்தோன்றல்கள் முக்குருத்தி, பைக்காரா, எமரால்டு நீர்களில் குடியேறின. உலக வரைபடத்தில் இம்மீன் சென்ற வழியை வரைந்தால் அது பேரரசின் கப்பல் வழியாகவே அமையும்.

இதில் உழைத்தோர் யாவர்? வில்சனின் பெயர் நிலைத்தது. கிணுகிணுக்கும் ஓடைநீரில் நின்று, இறந்த முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தவரும், நீர்நாய்க்கும் கள்ளத் தூண்டிலுக்கும் காவல் நின்றவரும், குஞ்சுகள் நிறைந்த தகரக் குடங்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து முக்குருத்தியின் சரிவேறியவரும் மலைவாழ் மக்களும் கூலித் தொழிலாளருமே. வெண்ணிறமாகிவிட்ட ஒரு முட்டையைப் பொறுக்காது விட்டால் பூஞ்சை படர்ந்து தட்டு முழுவதையும் கெடுத்துவிடும். நீலகிரியில் ட்ரவுட் நிலைபெற்றது இப்பெயரற்றோரின் கண்ணிலும் விரலிலும் ஆகும்.

உரிமச் சீட்டு

திட்டத்தாளின் இரண்டாவது வரி உரிமச் சீட்டு. மீன் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அதற்கான சட்டம் வந்துவிட்டது. 1877இல் நீலகிரியின் ஐரோப்பியர் சிலர் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1879இல் சென்னை மாகாணம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. எக்காலத்தில் பிடிக்கலாம், எக்காலத்தில் கூடாது, எம்முறையில் பிடிக்கலாம் என்பவற்றை வரையறுக்கும் அதிகாரம் இதனால் அரசுக்குக் கிடைத்தது. ட்ரவுட் வந்த பின்னர், உரிமம் பெற்றோர் ஒரு நாளில் எத்தனை மீன் கொள்ளலாம், எந்நீளத்திற்குக் குறைந்ததை நீரில் மீள விடவேண்டும் என்னும் விதிகளும் ஏற்பட்டன.

இச்சட்டத்தின் பயனை மறுக்க இயலாது. இன்று நீலகிரி வரையாடு எஞ்சியிருப்பதற்கு அக்காலக் காப்பும் ஒரு காரணம். ஆனால் அது யாருக்காகக் காத்தது என்னும் வினாவும் உண்டு. அந்த ஓடைகளுக்கு முன்பே உரியவர் இருந்தனர். தோதவர் எருமை வளர்ப்போர். மரபாக ஊன் உண்ணாதவர். அவர்களுக்கு மீன் ஒரு பொருட்டன்று. ஆனால் நீர் ஒரு பொருட்டு. மானிடவியலறிஞர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1902இல் தோதவரிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் தம் நூலை வெளியிட்டார். பால்மனைக்குரிய நீரும் வீட்டுக்குரிய நீரும் ஓடையிலேயே வேறு வேறாகப் பிரிக்கப்பட்டிருந்ததை அவர் குறிக்கிறார். பைக்காரா ஆறும் அவலாஞ்சி ஆறும் அவர்களுக்குத் தெய்வங்கள். அவற்றைக் கடக்கும்போது போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து வணங்கிக் கடப்பது அவர்தம் மரபு.

ரிவர்சின் நூல் வெளிவந்த 1906ஆம் ஆண்டே வில்சன் பணி தொடங்கிய ஆண்டுமாகும். ஒருவர் அவ்வாற்றைத் தெய்வம் எனக் கேட்டு எழுதிக்கொண்டார். மற்றவர் அதன் வெப்பத்தை அளந்து மீன் வாழுமென்று கணித்தார். இருவரும் பொய்யுரைக்கவில்லை. சட்டம் மட்டும் இரண்டாமவர் பக்கம் நின்றது.

பயணத் திட்டம்

மீனும் விதியும் அமைந்தபின் பயணம் எளிதாயிற்று. சென்னையிலிருந்து இரவு வண்டியில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பற்சக்கர வண்டியில் குன்னூர் வழியே உதகை. அங்குச் சங்கத்தில் உரிமம். பின்னர்க் குதிரையிலும் பிற்காலத்தில் மோட்டாரிலும் ஓடைக்கரை விடுதி. உணவுப் பொருளும் கம்பளியும் சுமந்து ஆட்கள் முன்சென்றனர். வேளாண் நிலங்களைக் கொண்ட படுகர் ஊர்களைக் கடந்து, கிழங்குத் தோட்டங்கள் முடிந்து, புல்வெளியும் சோலையும் தொடங்கும் இடத்தில் ட்ரவுட் நாடு தொடங்கியது.

காலம் தேர்வதே திட்டத்தின் உயிர்நிலை. குந்தா மலைத்தொடர் மேற்கு நோக்கியது. தென்மேற்குப் பருவமழையை நேரே மார்பில் ஏற்பது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது என்றால் அம்மழையின் வேகம் விளங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடைகள் கலங்கிப் பெருகும். பொய்ப்பூச்சியை மீன் காணாது. மனிதனுக்கோ அட்டையும் வழுக்கலும் மூடுபனியும். கோடையின் முடிவில் நீர் வற்றித் தெளிந்து கண்ணாடியாகும். அப்போது மீன் மனிதனை முன்னதாகக் கண்டுகொள்ளும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில், மழை ஓய்ந்து நீர் தெளியத் தொடங்கும் நாட்களையே பட்டறிவுடையோர் நாடினர். உதகையின் மறுபுறத்தில் குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையைப் பெறுவன. ஆகவே ஒரே மாவட்டத்தில் மலையின் எப்புறம் செல்வது என்பதே ஒரு கணக்காயிற்று.

ஓடையில் மீன் எங்கு நிற்கும் என்பதை அறிவது அடுத்த கலை. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். மிதந்து வரும் இரை அதன் வாய்க்கு நேரே வர வேண்டும். பாறையின் பின்புறம், கரை குடைந்த நிழல், வேகநீரும் தேங்குநீரும் சந்திக்கும் விளிம்பு ஆகியவை அதன் இருப்பிடங்கள். எனவே தூண்டிற்காரர் கீழிருந்து மேலாக, மீனின் பின்புறமாக, தாழ்ந்து நடந்து செல்வர். நிழல் நீரில் விழக்கூடாது, காலடி அதிரக்கூடாது. ஒரு மணிநேரம் நகராது நின்று, எப்பூச்சி பறக்கிறது என்று பார்த்து, பெட்டியில் அதற்கு நிகரானதைத் தேடி எடுப்பர். பொறுமையற்றவருக்கு இத்தொழில் கைவராது. சென்னை ஆட்சிப் பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூல் எழுதியபோது ட்ரவுட் இங்கு இல்லை; மலையடி ஆறுகளின் மஹசீர் என்னும் பெருங்கெண்டையையே அவர் போற்றினார். உள்நாட்டு மீனுக்கு அத்தகைய புகழ் கிடைத்த பின்னரும், மலையுச்சிக்கு அயல்மீனே வேண்டும் என்ற வேட்கை ஓயவில்லை என்பது எண்ணத்தக்கது.

அணையும் காடும்

தூண்டிற்காரரின் ஓடைகளை மாற்றியவை இரண்டு. முதலாவது மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. முக்குருத்தி அணை 1938இல் எழுந்தது. 1956இல் கனடா நாட்டின் உதவியுடன் குந்தாத் திட்டம் தொடங்கியபின் அவலாஞ்சியும் எமரால்டும் நீர்த்தேக்கங்களாயின. தமிழகத்தின் விளக்குகளையும் ஆலைகளையும் இயக்கிய அத்திட்டத்தினால், ட்ரவுட் ஓடைகளின் பல பகுதிகள் ஏரியடியில் மறைந்தன. தோதவர் வலக்கை நீட்டி வணங்கிக் கடந்த ஆறும் உருமாறியது. மரபை இழந்தவருக்கும் பொழுதுபோக்கை இழந்தவருக்கும் இழப்பு ஒரே அணையால் நேர்ந்தது. இரண்டும் ஒரே எடையுடையன அல்ல.

இரண்டாவது அயல்மரம். புல்வெளிகளில் நட்ட கருவாட்டில் மரமும் தைலமரமும் பெருகின. மழையை வாங்கித் தேக்கி ஆண்டு முழுவதும் கசியவிடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்த அமைப்பு. அது சுருங்கிய இடங்களில் ஓடைகளின் இயல்பு கெட்டது. நிழலான குளிர்நீரின்றி ட்ரவுட் வாழாது. மீனைக் கொணர்ந்த அதே எண்ணமே மரத்தையும் கொணர்ந்தது. பின்னது முன்னதன் நீரைக் குறைத்தது.

முக்குருத்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வரையாடும் சோலையும் புல்வெளியும் காக்கப்பட வேண்டியவை என்னும் எண்ணம் சட்டமாயிற்று. 2000ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட நூறு கொடிய அயலினங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் இடம்பெற்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசு பொருள் செலவிட்டு வரவேற்ற விருந்தினர், இன்று உள்நாட்டுச் சிறுமீனையும் தவளைக் குஞ்சையும் உண்ணும் ஊடுருவியாக எண்ணப்படுகின்றனர். மீன் மாறவில்லை; அதனைப் பார்க்கும் கண் மாறியது.

நிறைவு

இவ்வரலாற்றில் யாரைப் பழிப்பது? டே தம் காலத்து அறிவின் எல்லையில் நின்று முயன்றார். வில்சன் தம் தொழிலைச் செவ்வனே செய்தார். பொரிப்பகத்தில் முட்டை பொறுக்கியவர் தம் கூலிக்குரிய வேலையைக் குறைவின்றிச் செய்தார். இவர்களில் ஒருவரும், கல்லடியில் வாழும் விரலளவு மீனுக்கும் அவ்வோடையில் உரிமை உண்டு என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரிய மீன் இல்லாத நீரை வெற்று நீர் என்று கருதியதே அத்திட்டத்தின் முதற்பிழை. அது வெற்று நீராக ஒருபோதும் இருந்ததில்லை. அதில் சிறுமீன் இருந்தது, தெய்வமும் இருந்தது.

ஆகவே மலைக்குத் தூண்டிலோடு செல்ல எண்ணுவோர் தம் திட்டத்தாளில் ஆறாவதாக ஒரு வரியைச் சேர்க்கலாம்: இந்நீரில் முன்பு யார் இருந்தார் என்பதை அறிதல். அதனை அறிந்து செல்வோர் கையில் மீன் அகப்படினும் அகப்படாவிடினும், அந்த ஓடையை உண்மையில் கண்டவராவர். யானை கைவிட்ட மூங்கில் நிமிர்வதைத் தூண்டிற்கோலாகக் கண்ட புலவர் மலையிலிருந்து மீன் எதையும் கொண்டுசென்றாரில்லை. அவர் கண்டது நிலைத்தது. அதனாலேயே பெயரும் பெற்றார்.